நாலரை மணித்தியாலம்

கொழும்பு 6
26.01.1997

அன்பின் ஐறீன்,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகள் பிறிஜெற்றும் சுகம். எனக்கு முழங்கால் உளைவு மட்டும் விட்டபாடில்லை. நீயும் என் தம்பி வலன்ரைனும் சுகமென்றே நினைக்கிறேன். போன வருடம் கோட்டையில் வெடித்த குண்டில் முள்ளந்தண்டு அடிபட்டவன் இன்னும் உயிரோடிருப்பதே அந்தோனியாரின் புதுமை. உன் பணிவிடையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வருகிற ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிறிஜெற்றைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தவக்காலம் தொடங்குமுன் பேசி முடிக்கவேண்டும். பையன் றொபேட், லண்டனில் கணக்காளர். தகப்பனை இழந்த பிள்ளைக்குத் தாய்மாமன்தான் முன்னுக்கிருந்து வந்தவர்களை வரவேற்கவேண்டும். வலன்ரைனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. நாரிப்பிடிப்பு, எழும்பி நிற்பது கஷ்டம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். குடும்பத்தில் வருத்தக்காரர் இருக்கிறார்கள் என்றால் லண்டன் மாப்பிள்ளைகள் அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். கோட்டும் ரையும் போட்டுப் பிரம்புக் கதிரையில் இருத்திவிட்டால் அவன் எங்கள் அப்பாவைப் போலவே இருப்பான்.

காலையில் வான் அனுப்புகிறேன். நீயும் வா. கட்லட்டுக்கும் றோல்ஸுக்கும் ஒரு கை குறைகிறது. நல்ல சீலை வேண்டாம், குசினியில் பழுதாய்ப் போகும்.

இறைவனில் உன்,
மேபல்

---

கொழும்பு 13
31.01.1997

மதிப்புக்குரிய மேபல் மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவிப் பாருங்கள். இங்கே நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம்.

இவருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறா" என்று மூன்று தரம் சொல்லிவிட்டார். ஒரு வருடமாக அலுமாரிக்குள் தொங்கும் கோட்டை எடுத்து வெயிலில் போடச் சொன்னார். ஆகையால் வருகிறோம்.

ஒரே ஒரு வேண்டுதல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இவரைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். கதிரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருத்தக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நோவு தெரியாத உடம்பு, அதனால் தன் பாட்டில் அசைந்துகொள்ளாது. நான் தட்டெழுத்து வேலைக்குக் கந்தோருக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு உம்மு குல்தூம்தான் வந்து புரட்டிவிடுகிறா. இந்தப் பன்னிரண்டு மாதத்தில் இவர் உடம்பில் ஒரு கீறலில்லை. தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பிறிஜெற்றின் அறையில் இவரைப் படுக்கவைத்துவிடுங்கள்.

பணிவுடன்,
ஐறீன்

---

கொழும்பு 6
14.02.1997

அன்பின் ஐறீன்,

எல்லாரும் சுகம். நீங்களும் களைப்பாறியிருப்பீர்கள். ஆண்டவருக்குத் தோத்திரம், விஷயம் முற்றாகிவிட்டது. ஓகஸ்ட் இருபத்துமூன்றில் கலியாணம்.

தம்பியை எல்லாருக்கும் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் வேலைசெய்த காலத்துப் பகிடிகளை அவிழ்த்துவிட்டு மாப்பிள்ளையின் தகப்பனைச் சிரிக்கவைத்துவிட்டான். நீ கேட்டபடி தேத்தண்ணி முடிந்ததும் அறைக்குள் படுக்கவைத்தோம். பிறகு வழியனுப்பும் நேரத்தில்தான் மறுபடி கதிரைக்குக் கொண்டுவந்தோம். நீ குசினிக்குள்ளேயே நின்றதால் கண்டிருக்கமாட்டாய். எண்ணெய் மணம் ஹோலுக்கு வரக்கூடாதென்று கதவைச் சாத்தச் சொன்னதை நீ தப்பாக எடுத்திருக்கமாட்டாய்.

றோல்ஸ் நன்றாயிருந்தது. கட்லட்டுக்கு மிளகு கூடிவிட்டது. உங்கள் பக்கத்து ருசி அதுதான், தெரியும். கதிரைக்குப் பின்னால் தொங்கும் மணிக்கூட்டை, என் அவர் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது கொடுத்தார்களே, அதைச் சம்பந்தி வாய்விட்டுப் புகழ்ந்தார். இன்றைக்கும் ஒரு நிமிடம் பிந்தாத மணிக்கூடு. படங்கள் கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

இறைவனில் உன்,
மேபல்

---

கொழும்பு 13
03.03.1997

மேபல் மச்சாளுக்கு,

உங்களுக்கும் பிறிஜெற்றுக்கும் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இவருக்கு அவ்வளவு சுகமில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது புட்டத்து எலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது. படுத்தால் போய்விடும் என்றார். மூன்றாம் நாள் ஊதாவாகியது. பத்தாம் நாள் கறுத்தது. இப்போது கறுப்புத் தோல் கழன்று உள்ளே மஞ்சளாகக் குழி தெரிகிறது. காய்ச்சலும் விட்டுவிட்டு வருகிறது. நான் எங்கே பிழைவிட்டேன் என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரையில்லை. மெத்தையை மாற்றினேன். பெட்சீற்றுகளை அவித்துத் தோய்க்கிறேன்.

முகம் பார்க்காமல் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கும் ஆறாயியைப் பகலில் மட்டும், இரண்டு மாதத்துக்கு, இங்கே அனுப்பமுடியுமா? உம்மு குல்தூம் நாலு பிள்ளைகளின் தாய். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவவால் ஓடிவர முடியாது. நான் வீட்டில் நின்றால் வேலை போய்விடும். வேலை போனால் இந்த வீட்டில் அடுப்பெரியாது. அவரை இந்தப் புண்ணிலிருந்து மீட்க எனக்கு வேண்டியது ஒரு சோடிக் கை மட்டும்தான்.

பணிவுடன்,
ஐறீன்

---

கொழும்பு 6
20.03.1997

அன்பின் ஐறீன்,

சுகமே. தவக்காலம், ஒருநேரச் சாப்பாடு. வாசித்து மிகவும் வேதனைப்பட்டேன்.

பிள்ளை, கோபிக்காதே. எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர் படுக்கையில் கிடந்து செத்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் புண் வந்ததில்லை. புண் வருவது ஊத்தையால். நீ துப்புரவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கந்தோருக்குப் போகிற பெண்ணுக்கு எல்லாம் பார்க்க எங்கே நேரம்? அந்த ஒழுங்கையில் வாய்க்காலும் திறந்து கிடக்கிறது. நாளுக்கு இரண்டு தரம் டெற்றோலால் கழுவி நன்றாகப் பவுடர் போடு.

ஆறாயியை அனுப்புவது சரிவராது. அவளுடைய அடையாள அட்டை பதுளை விலாசம், செக்பொயின்றில் பிடித்தால் பொலீசுக்கு அலைவது நான்தான். நானும் வரத்தான் நினைக்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுகிறார்கள். இந்த முழங்காலோடு முடியாது.

அதற்குப் பதிலாகக் காற்றடைக்கும் றப்பர் வளையம் ஒன்று வாங்கி அனுப்புகிறேன், அதன்மேல் அவனை இருத்து. படங்கள் எட்டும் இத்துடன் வருகிறது. தம்பி எவ்வளவு எடுப்பாக இருக்கிறான் பார்.

இறைவனில் உன்,
மேபல்

---

கொழும்பு 13
11.05.1997

மேபல் மச்சாளுக்கு,

உங்கள் முழங்கால் இப்போது எப்படி? உங்கள் கடிதம் வந்து ஏழு கிழமையாகிறது. பதில் எழுதக் கை ஓயவில்லை.

நீங்கள் சொன்னபடியே டெற்றோல் ஊற்றினேன். நீங்கள் சொன்னபடியே வளையத்தில் இருத்தினேன். பிறகு பெரியாஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸியாக்களுக்கே கட்டுக் கட்டப் பழக்கிய சிவானந்தன் என்ற ஓய்வுபெற்ற ஆள் ஒருவரைக் கூட்டிவந்தேன். புண்ணைப் பார்த்தார். வளையத்தைக் கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டி வாசலில் எறிந்தார்.

"தங்கச்சி, வளையம் சுத்திவர நெரிச்சு நடுவுக்குப் போற ரத்தத்தை நிப்பாட்டும். டெற்றோல் வளர்ற சதையை எரிக்கும். ஆர் உங்களுக்கு இந்த வைத்தியம் சொன்னது?"

"இவரின்ரை அக்கா."

"அவ என்ன படிச்சவ?"

"தலைமை ஆசிரியை."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "இது ஊத்தையால வந்த புண் இல்லை. ஆரோ ஒரு நாள் இவரை அசைக்காமல் இருத்தி வச்சிருக்கினம். எலும்புக்கும் கதிரைக்கும் நடுவில சதை நசிஞ்சு செத்துப்போச்சு. எத்தினை மணித்தியாலம் இருந்தவர்?" நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தேத்தண்ணி நேரம் மட்டும்தான்" என்றேன். "அதுக்கு இப்பிடி வராது" என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். பதினேழு வருடம் தட்டெழுதிய கந்தோர், ஒரு பூங்கொத்தோடு அனுப்பிவைத்தது. என் நாள் இப்போது இரண்டிரண்டு மணித்தியாலத் துண்டுகளாகக் கிடக்கிறது. கடைக்கு ஓடினாலும் ஒரு துண்டு, பூசைக்குப் போனாலும் ஒரு துண்டு. தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு புண்ணுக்குக் கோஸ் துணியும் சேலைனும் வாங்குகிறேன்.

மணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். செவ்வாய்தோறும் செபமாலை சொல்ல வந்த கூட்டம் முதலில் ஹோலில் நின்று சொன்னது. பிறகு வாசலில். இப்போது கோயிலிலேயே எங்களுக்காகச் சொல்லிக்கொள்கிறார்களாம். "மூக்கெப் பொத்திக்கிட்டு வார ஆக்கள் வரத் தேவல்ல" என்று உம்மு குல்தூம் அவர்கள் காதில் விழச் சொன்னா. வீட்டுக்காரர் மேல்மாடியில் ஆட்களைக் குடியிருத்தமுடியவில்லை என்று ஆவணிக்குள் எழும்பச் சொல்கிறார்.

நீங்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறீர்கள், மச்சாள். லண்டனிலிருந்து பெண்பார்க்க வந்தவர்களுக்குக்கூட செக்பொயின்ற் தடையாயிருக்கவில்லை.

ஐறீன்

---

கொழும்பு 6
02.06.1997

ஐறீன்,

நாங்கள் சுகம். நீ எழுதிய முறை எனக்குச் சுகமில்லை. ஒரு காட்டுமிராண்டி என் பொருளை வெட்டி எறிந்ததை நீ ரசித்து எழுதுகிறாய்.

அன்றைக்கு அவன் கதிரையில் இருந்தது மிஞ்சிப்போனால் அரை மணித்தியாலம். அதை முன்பே எழுதிவிட்டேன். பன்னிரண்டு மாதம் உன் கையில் இருந்தவனுக்கு என் வீட்டில் அரை மணித்தியாலத்தில் புண் வந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? உனக்கு ஆறுதல் தருமென்றால் என்னைக் குற்றம் சொல். நான் சிலுவையாக ஏற்றுக்கொள்கிறேன்.

கலியாணத்தைப் பற்றி. தம்பி வருவது சரிவராது என்று உனக்கே தெரியும். சம்பந்தி பக்கத்தில் இரண்டு டொக்டர்மார் வருகிறார்கள், மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் இடத்தில் நிற்க என் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி றேமண்ட் வருகிறார். தம்பிக்கு எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படி நீ சொல்லிக்கொள். உனக்கு வர நேரமிருந்தால் வா.

இறைவனில்,
மேபல்

---

கொழும்பு 13
30.06.1997

மேபல் மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்கிறேன்.

கலியாணம் லண்டனுக்கு மாறிவிட்டது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். நம்பினார். நம்பியதுபோல் இருந்தார். "அங்கை குளிராயிருக்கும், அக்காவின்ரை முழங்காலுக்குக் கூடாது" என்றார். கோட்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கச் சொன்னார்.

புண்ணுக்குள் இப்போது கோழிமுட்டை ஒன்று போகும். எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. நான் அதைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் ஒருநாள் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

ஐறீன்

---

கொழும்பு 6
01.09.1997

அன்பின் ஐறீன்,

ஆண்டவர் கிருபையில் கலியாணம் குறைவில்லாமல் நடந்தேறியது. மழைகூட மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. கலியாணக் கேக் ஒரு துண்டு இத்துடன் அனுப்புகிறேன், தம்பிக்குக் கொடு. பிறிஜெற் பதினைந்தாம் திகதி பறக்கிறாள். பிறகு இந்தப் பெரிய வீட்டில் நானும் ஆறாயியும்தான்.

வீடு மாறிவிட்டீர்களா? விலாசம் தெரியாததால் பழையதற்கே அனுப்புகிறேன். உன் பதிலைக் காணவில்லை. கோபத்தை நீட்டிக்கொண்டுபோவது கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகில்லை.

இறைவனில் உன்,
மேபல்

---

கொழும்பு 6
20.10.1997

அன்பின் ஐறீன்,

ஆண்டவர் உனக்குத் தைரியம் தரவேண்டும். அடக்கத்தன்று உன்னோடு இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. நீ உம்மு குல்தூமின் தோளில் சாய்ந்திருந்தாய், என்னைக் கண்டதாகத் தெரியவில்லை. பெட்டியை மூடியே வைத்திருந்ததுதான் எனக்கு ஒரே குறை. என் தம்பியின் முகத்தைப் பார்க்கவிடவில்லை. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால் மனுசரால் என்ன செய்யமுடியும்? அவன் வேதனை தீர்ந்தது.

முப்பத்தோராம் நாள் பூசையை எங்கள் கோயிலில் நான் ஒப்புக்கொடுக்கிறேன். நினைவு அட்டை அடிக்கவேண்டும், லண்டனுக்கும் அனுப்பவேண்டும். கோட்டும் ரையும் போட்டுப் பிரம்புக் கதிரையில் சிரித்தபடி இருக்கும் அந்தப் படத்தில் ஒன்றை அனுப்பிவை. என் பிரதிகளைப் பிறிஜெற் கொண்டுபோய்விட்டாள். ராசா மாதிரி இருந்த முகத்தை ஆட்கள் நினைவில் வைக்கட்டும், மற்றதை அல்ல.

இறைவனில் உன்,
மேபல்

---

கொழும்பு 13
27.10.1997

மேபல் மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாயிருப்பீர்கள். எனக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இன்னும் விழிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதால் அந்தப் படங்களைத் தேடி எடுத்தேன். மார்ச் மாதத்தில் உறையைப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார், எனக்குக் காட்டவில்லை. காலமாவதற்கு இரண்டு நாள் முன், "அக்காவிட்டை ஒண்டும் கேளாதை, ஐறீன். எனக்கு அண்டைக்கு நல்ல சந்தோசம்" என்றார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். நேற்றுத்தான் எட்டுப் படத்தையும் மேசையில் பரப்பி முதல்முறையாகப் பார்த்தேன்.

உங்கள் மணிக்கூடு எல்லாவற்றிலும் துல்லியமாக விழுந்திருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் இருக்கும் படத்தில் பத்து இருபது. நீங்கள் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டோடு சுற்றி நிற்கும் படத்தில் பன்னிரண்டரை. மாப்பிள்ளையின் தகப்பன் கைகுலுக்கும் படத்தில் இரண்டு ஐம்பது. நாலரை மணித்தியாலம். நடுவில் அறைக்குக் கொண்டுபோனீர்கள் என்று எழுதவேண்டாம். வானிலிருந்து இறக்கியதும் அவர் வலது முழங்காலில் நான் முகம் துடைக்க ஒரு லேஞ்சியை நாலாக மடித்து வைத்தேன். மூன்று படத்திலும் அது வைத்த இடத்திலேயே, வைத்த மடிப்போடு இருக்கிறது. தூக்கிக்கொண்டு போயிருந்தால் சம்பந்தி கால்களைக் கண்டிருப்பார். அதுதானே?

ஆறாயி அன்றைக்குக் குசினிக்கு வந்து, "ஐயா இன்னும் அங்கனதாம்மா ஒக்காந்திருக்காரு" என்றாள். திரும்பக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளை ஏன் இங்கே அனுப்பவில்லை என்று இப்போது விளங்குகிறது. பதுளை விலாசம் பாவம்.

என்னை நான் விட்டுவைக்கவில்லை. சாத்திய கதவு ஒன்றுதான், பூட்டுக்கூட இல்லை. தள்ளித் திறந்திருக்கலாம். றோல்ஸ் நல்லாயிருக்கிறது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, அந்தச் சந்தோசப் புழுகத்தில் அடுத்த தட்டைப் பொரித்துக்கொண்டு நின்றேன். அதற்காக நான் சாகும்வரை வெட்கப்படுவேன். ஆனால் ஏழு மாதமாக அவர் புண்ணைக் கழுவும்போதெல்லாம் என் கை ஊத்தை, என் வீடு ஊத்தை என்று நம்பி அழுதேனே, அதை நம்பவைத்தது நீங்கள். சிரித்த முகத்தோடு உங்களைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. உங்களைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை, மச்சாள், அருவருப்புத்தான் வருகிறது. அவருடைய புண்ணைப் பார்த்து ஒருநாளும் எனக்கு அது வந்ததில்லை.

பெட்டியை மூடி வைத்தது நான்தான். பார்க்க நீங்கள் எட்டு மாதம் எடுத்துக்கொண்டீர்கள்.

நினைவு அட்டைக்கு மூன்று படம் அனுப்புகிறேன். ஒன்று போதாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அச்சுக்கூடத்தார் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கப் பார்ப்பார்கள். மணிக்கூட்டை வெட்டவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐறீன் வலன்ரைன்